பின்னணி ஸ்டாம்புக்கு மையிடுதல்: வாழ்த்தட்டை செய்யும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே,

கடையில் விற்கும் அச்சிட்ட அட்டையை வாங்கிக் கையெழுத்திட்டு அனுப்புவதில் மனநிறைவு கொள்ளாமல், பிறந்தநாளென்றும் திருமணமென்றும் பொங்கலென்றும் கிறிஸ்துமஸென்றும் வருகிற ஒவ்வொரு விசேஷத்துக்கும் தம் கையாலேயே வாழ்த்தட்டை செய்து அனுப்பிவரும் உங்களுக்கு, உங்கள் சாமான்கள் எல்லாவற்றிலும் பெரியதும், பெரும்பாலும் மிகக் குறைவாகவே வெளியே எடுக்கப்படுவதுமான ஒன்றைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். அட்டையின் முகம் முழுவதையும் கொடியாகவோ கட்டமாகவோ எழுத்து வரிசையாகவோ பூவிதழ்களாகவோ ஒரே பதிவில் நிரப்பும்பொருட்டு, 6 அங்குலச் சதுரமாகவும் 4½ அங்குலத்துக்கு 5¾ அங்குலமாகவும் செய்யப்பட்டு வருகிற பின்னணி ரப்பர் ஸ்டாம்புதான் அது. அதை ஆசையோடு வாங்கி, இரண்டொரு முறை அழுத்திப் பார்த்து, நடுவே வெளுத்தும் ஓரத்தில் கறுத்தும், பேடின் விளிம்பு பட்ட இடமெல்லாம் கோடு விழுந்தும் வந்த பதிவைக் கண்டு சலித்து, 'இது நம் கைக்கு வராத வித்தை' என்று ஒதுக்கி வைத்தவர்கள் உங்களில் அநேகர் என்பதை அறிவேன். அந்த முடிவு தவறானது என்பது என் திடமான அபிப்பிராயம். கையிலும் குறையில்லை, பெரும்பாலும் ஸ்டாம்பிலும் குறையில்லை. அச்சுக்கூடத்தின் முறைப்படி கையாளவேண்டிய ஒரு பொருளை அலுவலக முத்திரையின் முறைப்படி கையாளுகிறோம். கோளாறு அங்கிருந்துதான் புறப்படுகிறது.

நம்மவர்க்கு ரப்பர் ஸ்டாம்பு முதன்முதலில் அறிமுகமாவது பள்ளிக்கூடத்து அலுவலக அறையிலோ, சார்பதிவாளர் கச்சேரியிலோ, வங்கியிலோதான். மேசையோரத்தில் ஊதா மை ஊறிய ஸ்டாம்ப் பேடு திறந்தபடி கிடக்கும். குமாஸ்தா கைப்பிடியைப் பற்றி, பேடின்மேல் ஒரு தட்டு, காகிதத்தின்மேல் ஒரு குத்து என்று அடுக்கடுக்காகக் காகிதங்களை முடித்துத் தள்ளுவார். ரப்பர் ஸ்டாம்பு பிறந்ததே இத்தகைய காரியத்துக்காகத்தான். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெப்பத்தில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் நிலைபெறும் என்பதைச் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் 1839இல் கண்டறிந்தார். 1860களில் அமெரிக்காவிலே ரப்பர் ஸ்டாம்பு தோன்றியது. முதலில் செய்தவர் தாமே என்று உரிமை கொண்டாடியவர்கள் ஒருவருக்கு மேற்பட்டவர்கள். பல் வைத்தியர்கள் பொய்ப்பல்லின் அடித்தகடுக்காக ரப்பரை வேகவைக்க வைத்திருந்த சிறு கொதிகலமே தொடக்க காலத்து ஸ்டாம்புத் தொழிலாளிகளுக்கு உலையாக உதவிற்று. அதில் உருவானவை பெயரும் விலாசமும் தேதியும் தாங்கிய சிறு முத்திரைகள். அவற்றுக்குத் தட்டும் குத்துமே போதும், இன்றும் போதும். அந்தப் பழக்கம் நம் கையில் ஊறிக் கிடப்பதால், உள்ளங்கையைவிட அகலமான பின்னணி ஸ்டாம்பையும் தலைகீழாகப் பிடித்துப் பேடின்மேல் தட்டி, அப்படியே அட்டையின்மேல் குத்துகிறோம்.

இதில் நேர்வது என்னவென்று சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். உள்ளங்கையை ஊன்றி 10 கிலோ எடையளவு அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர அங்குல முத்திரையில் அந்த 10 கிலோவும் ஒரே இடத்தில் இறங்குகிறது. 6 அங்குலச் சதுர ஸ்டாம்பிலோ அதே எடை 36 சதுர அங்குலத்துக்குப் பங்கிடப்பட்டு, ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் ஏறக்குறைய 280 கிராம் மாத்திரமே மிஞ்சுகிறது. அந்தப் பங்கீடும் ஒரே சீராக நடப்பதில்லை; கைக்கு நேர் கீழே மிகுந்தும் மூலைகளில் குறைந்தும் போகிறது. பேடின் கதையும் இதுவேதான். 3 அங்குலத்துக்கு 2 அங்குலமுள்ள பேடின் பரப்பு 6 சதுர அங்குலம். ஸ்டாம்பு முழுவதையும் ஒருமுறை தொடுவதற்கே அதை ஆறு இடங்களில் பதிக்கவேண்டும். ஸ்டாம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு இதைச் செய்கையில், எந்த இடம் மை வாங்கிற்று, எந்த இடம் விடுபட்டது என்பதை எவ்வளவு கூரிய கண்ணுடையவரும் காணமுடியாது. எல்லாவற்றிலும் பெருங்கேடு இந்தக் காணாமைதான்.

இனி, நம் கை கற்கவேண்டிய மற்றொரு மரபைச் சொல்கிறேன். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சான அந்த நூற்றாண்டில் உலகத்து அச்சுக்கூடங்கள் எவற்றிலும் ரோலர் இல்லை. கம்பளி மயிரையோ குதிரை மயிரையோ உள்ளே அடைத்துத் தோலால் இறுக்கிக் கட்டிய, மரப்பிடியுள்ள மைப்பந்துகள் இரண்டை ஆளுக்கொரு ஜோடியாக வைத்திருப்பார்கள். மையிடுபவர் ஒரு பந்தில் சிறிது மையைத் தொட்டதும் நேரே எழுத்தின்மேல் வைத்துவிடமாட்டார். இரு பந்துகளையும் ஒன்றோடொன்று உருட்டித் தேய்த்து, மை இரண்டிலும் மெல்லிய படலமாகப் பரவிய பிறகே, எழுத்துக்களைக் கோர்த்து இறுக்கி, முகம் மேலாக மல்லாந்து கிடக்கும் பாரத்தின்மேல் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டு போவார். அதன் பிறகுதான் காகிதம் மேலிருந்து இறங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வஜ்ரப் பசையையும் சர்க்கரைப்பாகையும் சேர்த்துக் காய்ச்சி வார்த்த ரோலர்கள் வந்து பந்துகளை ஓய்வுபெறச் செய்தன. ஆயினும் முறை மாறவில்லை. ஈய எழுத்தைக் கையால் கோர்த்த நம் ஊர் அச்சகங்களில் கேலி புரூஃப் என்னும் திருத்தப் பிரதி எடுத்தவர்களும், எழுத்தை மல்லாத்தி வைத்து, கை ரோலரால் மையை ஓட்டி, மேலே காகிதத்தைப் பரப்பித்தான் அழுத்தினார்கள். மையைப் பாரத்திடம் கொண்டு செல்வதும், காகிதத்தைப் பாரத்தின்மேல் இடுவதும், இவ்விரண்டுக்கும் முன்னே மையைச் சமமாகப் பரப்பிக்கொள்வதுமே அச்சுத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட ஒழுங்கு. உங்கள் பின்னணி ஸ்டாம்பு, அளவாலும் சுபாவத்தாலும், ஒரு பாரம். அதற்கு இந்த ஒழுங்கைத்தான் அனுசரிக்கவேண்டும்.

ஆகவே ஸ்டாம்பை மேசைமேல் முகம் மேலாக வையுங்கள். நகராதிருக்க அடியில் ஒரு ரப்பர் விரிப்போ ஈரத்துணியோ இருக்கட்டும். பேடு கையடக்கமாகவும், அதன் மைப்பரப்பு பெட்டி விளிம்பைவிடச் சற்று உயர்ந்தும் இருக்கவேண்டும். உள்ளே அமிழ்ந்த பரப்புள்ள பேடு இந்த வேலைக்கு உதவாது. உயர்ந்த பரப்புள்ள பேடைக் கவிழ்த்துப் பிடித்து, இடது மேல்மூலையில் தொடங்கி, விரலால் தொட்டெடுப்பது எவ்வளவோ அவ்வளவே அழுத்தி, தட்டி, எடுத்து, முந்தின தட்டின்மேல் பாதி படியுமாறு அடுத்த தட்டைத் தட்டி, வரிசை வரிசையாக இறங்கி வாருங்கள். இழுக்கவே கூடாது. இழுத்தால் பேடின் விளிம்பு வாரிக்கொண்டு வரும் மை கோடுகளின் பக்கவாட்டில் தேங்கி, பதிவில் இரட்டை வரம்பாகத் தெரியும். ஒரு சுற்று முடிந்ததும் ஸ்டாம்பை இருந்த இடத்திலேயே கால்வட்டம் திருப்பி, மறுபடியும் மூலையிலிருந்து தொடங்குங்கள். முதற்சுற்றில் பேடின் ஓரங்கள் விழுந்த இடங்களுக்குக் குறுக்காக இரண்டாம் சுற்றின் ஓரங்கள் விழும். இன்னுமொரு சுற்றுக்கு மூலைவிட்டமாகத் தட்டினால், எந்த விளிம்பின் சுவடும் தனித்து நிற்க இடமிராது. முதற்சுற்றில் ஸ்டாம்பு மங்கலாகவும் ஆங்காங்கே வெறுமையாகவும் தோன்றுவதைக் கண்டு அவசரப்பட்டு அழுத்திவிடாதீர்கள். மெல்லிய படலங்கள் பல சேர்ந்து தரும் சமநிலையை, கனத்த பூச்சு ஒன்று ஒருநாளும் தராது. கனமாக இட்ட மை உயர்ந்த பரப்பில் நில்லாமல் பள்ளத்தில் வழிந்து, நுண்ணிய கோடுகளுக்கிடையே உள்ள வெண்மையை அடைத்துவிடும்.

அதன் பின், அட்டையை எடுப்பதற்கு முன்னே, ஒரு காரியத்தை அவசியம் செய்யவேண்டும். ஸ்டாம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் சாய்வாக விழும்படி மெல்லத் திருப்பிப் பாருங்கள். மை உள்ள இடம் ஈரமாக மினுக்கும். இல்லாத இடம் மங்கிக் கிடக்கும். நேர் மேலிருந்து பார்க்கையில் ஒரே நிறமாகத் தோன்றிய பரப்பில், சாய்ந்த வெளிச்சம் விரற்கடையளவு வறண்ட திட்டுக்களைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் அவை நடுவிலும், உங்களுக்கு எதிர்ப்புறத்து மூலையிலும் இருக்கும். அவ்விடங்களில் மாத்திரம் பேடின் மூலையால் மீண்டும் தொட்டு, மறுபடியும் சாய்த்துப் பாருங்கள். பவுடர் தூவிப் புடைப்பாக்குவதற்கான நிறமற்ற எம்பாஸிங் மையைக் கையாளுகிறவர்களுக்கு இந்தச் சோதனை இன்றியமையாதது. ஏனெனில் அந்த மையின் குறையைப் பவுடர் தூவிய பிறகே கண் காணும், அப்போது திருத்த நேரமிராது.

ரோலரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். கைவினைக் கடைகளில் பிரேயர் என்ற பெயரால் விற்கும் மிருதுவான ரப்பர் ரோலர் நல்ல கருவி. ஆனால் அதை வாங்கியவர்களில் பலர், முன்னும் பின்னுமாக ஒரே தடத்தில் ஓட்டிக்கொண்டேயிருந்தால் மை தானே சமப்படும் என்று நம்பி ஏமாறுகிறார்கள். 1¼ அங்குல விட்டமுள்ள ரோலரின் சுற்றளவு ஏறக்குறைய 4 அங்குலம். 6 அங்குல ஸ்டாம்பைக் கடக்க அது ஒன்றரைச் சுற்றுச் சுழலவேண்டும். முதற்சுற்றிலேயே தன்மேலுள்ள மையில் பெரும்பகுதியை விட்டுவிடுகிற ரோலர், எஞ்சிய 2 அங்குலத்தில் வறண்ட முகத்தோடு ஓடுகிறது. அதுமட்டுமன்று, முதற்சுற்றில் ஸ்டாம்பின் கோடுகளில் மை விட்ட இடங்கள் ரோலரின்மேல் வெளிறிய வடிவமாகவே பதிந்துவிடுவதால், இரண்டாஞ்சுற்றில் அந்த வடிவத்தின் நிழல் நாலாம் அங்குலத்துக்கப்பால் விழுகிறது. கொடியிலை ஒன்றின் உருவம், இருக்கவேண்டாத இடத்தில் மங்கலாகத் தென்படுவதைச் சிலர் கண்டிருக்கலாம். அதன் காரணம் இதுவே. பரிகாரம் எளிது. ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரே திசையில் ஓட்டி, முடிவில் ரோலரைத் தூக்கி, மறுபடி மையில் உருட்டி, அடுத்த ஓட்டத்தை எதிர்ப்புறத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் தொடங்கவேண்டும். ரோலருக்கு மை ஏற்றும்போதும் முன்பின்னாகத் தேய்க்காமல், உருட்டித் தூக்கி, உருட்டித் தூக்கி ஏற்றினால்தான் அதன் சுற்றளவு முழுவதும் மை பெறும். பின்னே விளக்கும் பிக்மென்ட் மையாயின், குப்பி மையில் சில சொட்டுக்களைக் கண்ணாடித் தகட்டில் விட்டு ரோலராலேயே பரப்பிக்கொள்ளலாம். நீர்த்த சாய மையோ கண்ணாடியில் சொட்டுச் சொட்டாகத் திரண்டு நிற்கும், பரவாது.

எந்த வடிவத்துக்கு ரோலர், எதற்குப் பேடு என்று கேட்பீர்களானால், கறுத்த பரப்பு மிகுந்து வெண்மை குறைந்த வடிவங்களுக்கு ரோலரும், இடைவெளி அகன்று மெல்லிய கோடுகளால் ஆன வடிவங்களுக்குப் பேடும் என்று சொல்வேன். மிருதுவான ரோலர் அகன்ற பள்ளங்களில் சரிந்திறங்கி, பதியக்கூடாத அடித்தளத்திலும் மையைத் தடவிவிடும். அப்படித் தடவப்பட்டதை அட்டை இடுமுன் ஈரத்துணியின் நுனியால் துடைத்துவிட வேண்டும்.

மைகளின் குணங்களை அறியாமல் முறையை மாத்திரம் அறிந்து பிரயோஜனமில்லை. சாய மையில் நிறம் திரவத்தோடு கரைந்திருக்கிறது. காகிதத்துக்குள் விரைந்து ஊறி விரைந்து உலர்கிறது. சிறு ஸ்டாம்புக்கு இது சௌகரியம். பெரிய ஸ்டாம்பிலோ, கடைசி மூலையை நாம் எட்டுவதற்குள் முதல் மூலை உலர்ந்துபோகிறது. பிக்மென்ட் மையில் நிறத்துகள்கள் கெட்டியான திரவத்தில் மிதக்கின்றன. அவை மேற்பரப்பில் தங்கி வெகுநேரம் ஈரமாக இருப்பதால், பெரிய பரப்பை நிதானமாக நிரப்ப அவகாசம் தருகின்றன. புதிதாகப் பழகுகிறவர்கள் பிக்மென்ட் மையில் தொடங்குவதே நல்லது. ஜப்பானிய நிறுவனமான ட்சுகினேகோ செய்யும் வெர்சாஃபைன், நுண்கோடுகளையும் திண்ணிய பரப்புக்களையும் ஒருங்கே தாங்கும் மைகளில் ஒன்று. அதே நிறுவனத்தின் மெமென்டோ என்ற சாய மை நல்லதே எனினும் விரைவாகக் கைவேலை செய்யத் தெரிந்தவர்களுக்கு உரியது. அலுவலக ஊதா மையைப் பின்னணிக்குப் பயன்படுத்தவே வேண்டாம்; பேடில் உலராமலிருப்பதற்காகக் கிளிசரின் போன்றவை சேர்க்கப்பட்ட அந்த மை, பெரிய பரப்பில் பதியும்போது கசிந்து விளிம்பை இழக்கிறது.

நம் சீதோஷ்ணத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. சித்திரை வைகாசி மாதங்களில், தலைக்கு மேல் மின்விசிறி சுழல, சாய மையை வைத்துக்கொண்டு பெரிய ஸ்டாம்புக்கு மையிட உட்காருவது வீண் பிரயத்தனம். மையிட்டு முடித்து அட்டையை எடுக்கும்வரையிலாவது விசிறியை நிறுத்திவிடுங்கள். அப்படியும் ஓரிடம் உலர்ந்துவிட்டால், முகத்தை அருகே கொண்டுபோய் வாயைத் திறந்து வெம்மூச்சை மெல்ல விட்டால் அந்த ஈரத்தில் சாய மை மறுபடி உயிர்பெறும். நீர்தெளிப்பானால் மூடுபனியளவு தெளிக்கிறவர்களும் உண்டு. அது கைப்பழக்கம் வந்தபிறகு செய்யவேண்டியது, ஒரு துளி மிகுந்தாலும் நிறம் குளமாகிவிடும்.

ஸ்டாம்பு எதனால் ஆனது என்பதையும் கவனியுங்கள். சிவப்பு ரப்பர் மையை இணக்கத்தோடு ஏற்கும். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிற ஃபோட்டோபாலிமர் ஸ்டாம்பு, முக்கியமாகப் புதிதாயிருக்கும்போது, மையைத் தாமரையிலைத் தண்ணீராக்கிச் சிறுசிறு முத்துக்களாகத் திரட்டி நிறுத்தும். அந்த முத்துக்களே அட்டையில் புள்ளிகளாக விழுகின்றன. உருவாக்கிய காலத்தில் பரப்பில் ஒட்டிய வழுவழுப்பு இதற்குக் காரணம். சாதாரண வெள்ளை அழிரப்பரால் பரப்பு முழுவதையும் இலேசாகத் தேய்த்துத் துடைத்தால் அந்த வழுவழுப்பு நீங்கும். நிறமற்ற எம்பாஸிங் மையை ஒருமுறை தட்டித் துணியால் துடைத்துவிட்டு, அதன்மேல் நிற மையை இடுவதும் பலனளிக்கிறது. முதல் இரண்டு மூன்று பதிவுகளைக் கழிவுக் காகிதத்துக்கே ஒதுக்கிவிடுங்கள். ஸ்டாம்பு பழக அவை வேண்டும்.

மை சமமாக ஏறியபின் அட்டையை இடும் முறைக்கு வருகிறேன். வழவழப்பானதும் மேல்பூச்சில்லாததுமான வெள்ளை அட்டையே உத்தமம். 220 முதல் 300 ஜி.எஸ்.எம். வரை இருக்கலாம். மேடுபள்ளமான கைக்காகிதத்தில் திண்ணிய பரப்பை எதிர்பார்ப்பது நியாயமன்று. மை மேடுகளில் மாத்திரம் பட்டுப் பள்ளங்களை விட்டுவிடும். பளபளக்கும் ஆர்ட் கார்டிலோ அட்டை வழுக்கும், பிக்மென்ட் மை உலராது. அட்டையை இரு கைகளாலும் எதிரெதிர் ஓரங்களில் பற்றி, ஓரம் ஒன்றை முதலில் தொடவிட்டு, வளைவைத் தளர்த்திக்கொண்டே மெல்ல இறக்குங்கள். தொட்டபின் நகர்த்தவே கூடாது. அதன்மேல் ஒரு சுத்தமான காகிதத்தை விரித்து, இடதுகை ஓர் ஓரத்தை நிலையாகப் பிடித்திருக்க, வலதுகையின் விரல்நுனிகளால் நடுவிலிருந்து வெளிநோக்கி, சிறு வட்டங்களாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். உள்ளங்கை முழுவதையும் ஒருசேர ஊன்றுவதைவிட, இரண்டு மூன்று விரல்களைக் குவித்துப் பகுதி பகுதியாக அழுத்துவதுதான் பலன் தரும். முன்னே சொன்ன 36 சதுர அங்குலக் கணக்கை வெல்லும் வழி இதுவே. அந்தந்த க்ஷணத்தில் விரலுக்குக் கீழுள்ள ஓரங்குலத்துக்கு உங்கள் கைப்பலம் முழுவதும் கிடைக்கிறது. ஜப்பானிய மரவெட்டு அச்சுக்காரர்கள் மூங்கிலுறையால் மூடிய பாரன் என்ற வட்டத் தேய்ப்பானால் செய்வதும் இதையேதான். மூலைகளை மறவாதீர்கள். உரித்தெடுக்கும்போது ஒரு மூலையிலிருந்து நிதானமாக, இடையில் நில்லாமல் உரிக்கவேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒவ்வொரு பதிவிலும் அதே இடம் வெளுத்து வருமாயின், மையைக் குறை கூறாமல் ஸ்டாம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ரப்பரின் கனமோ பின்னே ஒட்டிய நுரைப்பஞ்சின் கனமோ அவ்விடத்தில் மயிரிழையளவு குறைந்திருக்கும். அச்சகத்தார் மேக்ரெடி என்று சொல்லி, ஓடும் யந்திரத்தையும் நிறுத்திவைத்து மணிக்கணக்காகச் செய்த வேலை இதற்குரிய சிகிச்சையே: பதிவில் வெளுத்த பகுதியின் வடிவத்துக்கேற்ப மெல்லிய காகிதத்தைக் கையால் கிழித்து, ஸ்டாம்பின் கீழே அந்த இடத்துக்கு நேராக வையுங்கள், போதாவிட்டால் அதைவிடச் சிறியதாக மற்றொன்று. கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு பதிவில் தெரியும். கிழித்த விளிம்பு மெலிந்து மறையும். இந்த ஒரு வித்தையைக் கற்றால், பயனற்றவை என்று ஒதுக்கிய ஸ்டாம்புகளில் பாதி மறுபடியும் உங்கள் கைக்கு வரும்.

கீலிட்ட மூடியும் காந்தங்களும் உள்ள ஸ்டாம்பிங் மேடைகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மிஸ்டி என்ற பெயரில் அமெரிக்காவிலிருந்து வந்ததும், அதைப் பின்பற்றி வந்த மற்றவையும், மெச்சத்தக்க கருவிகள். அட்டை காந்தங்களால் நகராமலிருக்க, மூடியில் ஒட்டிய ஸ்டாம்பு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து விழுவதால், வெளுத்த இடத்துக்கு மீண்டும் மையிட்டு மீண்டும் அழுத்தலாம். மூடியைத் திறந்தால் ஸ்டாம்பு மல்லாந்து கிடப்பதால், மையிடுதலும் நான் சொன்ன முறைப்படியே நடக்கிறது. இலேசான மையில் இரண்டு மூன்று பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடுவதே அதில் சிறந்த வழி. மெல்லிய ஃபோட்டோபாலிமர் ஸ்டாம்புக்கு அடியில் நுரை விரிப்பை வைப்பதும், தடித்த சிவப்பு ரப்பருக்கு அதை எடுத்துவிடுவதும் நினைவிருக்கட்டும். ஆயினும் மேடை இல்லாதவர்கள் அதற்காக ஏங்கவேண்டியதில்லை. மையைச் சமமாக இடத் தெரியாதவருக்கு மேடை செய்யும் உபகாரம் சொற்பம். தெரிந்தவருக்கு மேசையும் விரல்களும் போதும்.

உங்களில் சிலர், புள்ளிபுள்ளியாகவும் திட்டுத்திட்டாகவும் விழுந்த பதிவில்தான் கைவேலையின் அழகு இருக்கிறது என்று வாதிக்கிறீர்கள். இதை நான் முழுதும் மறுக்கவில்லை. ஜப்பானிய மரவெட்டு அச்சில் எள் தூவினாற்போன்ற அத்தகைய பரப்பை வேண்டுமென்றே வரவழைக்கிற முறை ஒன்று உண்டு. அதற்குக் கோமாஸுரி என்று பெயர். பசையைக் குறைத்து, அழுத்தத்தைத் தளர்த்தி, எந்த இடத்தில் வேண்டுமோ அந்த இடத்தில் மாத்திரம் அதை வருவிப்பார்கள். அதே கலைஞர், பக்கத்திலேயே வானத்தையோ நீரையோ மாசுமறுவற்ற ஒரே நிறப்பரப்பாகவும் அச்சிட்டிருப்பார். அவருடைய புள்ளிகள் தெரிந்தெடுத்தவை. நம்முடையவை தாமாக நேர்ந்தவை. நேர்ந்ததற்கு அழகென்று பெயர் சூட்டிவிட்டால், சமமாக இடும் பயிற்சி நமக்கு ஒருநாளும் வராது. முதலில் சமமாக இடக் கற்போம். பிறகு மனம்போல் புள்ளி வைப்போம்.

சுத்தம் செய்வதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேலை முடிந்த உடனே ஈரத்துணியால் ஒற்றித் துடையுங்கள். பிக்மென்ட் மை கோடுகளுக்கிடையே காய்ந்துவிட்டால் அடுத்த முறை எவ்வளவு சமமாக இட்டாலும் நுண்மை போய்விடும். வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். வெயில் ரப்பரை விறைக்கச் செய்து வெடிக்க வைக்கும். பேடு வறளும்போது குப்பி மையை நடுவில் மாத்திரம் கொட்டாமல், பரப்பெங்கும் சொட்டுச் சொட்டாக விட்டு, பழைய அட்டைத்துண்டின் விளிம்பால் இழுத்துப் பரப்பி, ஊறவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். பேடிலேயே சமமில்லாத மை ஸ்டாம்பில் எவ்வாறு சமப்படும்?

கடைசியாக, இந்தக் கலையைக் கற்பிக்கிற வகுப்பாசிரியர்களுக்கும், சாமான்கள் விற்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். முதல் நாளிலேயே நாடாவும் மணியும் மினுக்குப் பொடியும் ஒட்டக் கற்றுக்கொடுத்து, மாணவர் கையில் அழகிய அட்டை ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டுமென்ற ஆவல் உங்களுக்கு இருப்பது இயல்பே. ஆனால் அந்த ஆவலைச் சற்று ஒத்திவைத்து, முதல் வகுப்பு முழுவதையும் ஒரே ஒரு பெரிய ஸ்டாம்புக்கும் ஒரே ஒரு நிற மைக்கும் ஒதுக்கி, மல்லாத்தி வைப்பதையும், மெல்லிய படலமாகத் தட்டுவதையும், சாய்த்துப் பார்ப்பதையும், விரல்களால் தேய்ப்பதையும் ஒவ்வொரு மாணவரும் தம் கையால் செய்து பழகும்படி நடத்துங்கள். விற்பனையாளர்களே, பின்னணி ஸ்டாம்பை வாங்க வருகிறவரிடம் அதற்கேற்ற உயர்பரப்புப் பேடும் குப்பி மையும் இல்லாமல் அதை மாத்திரம் விற்றுவிடாதீர்கள். இன்ன ஸ்டாம்புக்கு இன்ன மை என்று இரண்டு வரி எழுதி உறைக்குள் வைத்துக் கொடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
அட்டைக் கைவினைஞன் ஒருவன்